பழனிக்கு விட்ட அஞ்சு முடி

"முடி எங்கீங்க?"

கேட்டார் டாக்டர் சபுரா. சாந்தாமணி கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் தாடையை வைத்து, கண்ணில் வெளிச்சம் குத்த, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"போன மாசம் பரிசோதிச்சப்ப அஞ்சு முடி இருந்துச்சு. வலது கண்ணு, கீழ் இமையில, வரிசையா உள்பக்கம் பார்த்துட்டு. இப்ப ஒண்ணுகூட இல்லையே!"

"எங்க அத்தை எடுத்துப்போட்டாங்க, டாக்டர்."

"எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கண்ணு சுத்தமா இருக்கோணும்னு..."

நர்ஸ் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கை அணைத்தார்.

"இங்கே பாருங்க, சாந்தாமணி. அந்த முடிதான் எனக்கு வழி. முடிகூடவே ஊசியை வேர் வரைக்கும் விட்டு, துளி கரண்ட் கொடுத்தா வேர் வெந்துடும். அப்புறம் அந்த இடத்துல முளைக்காது. முடியே இல்லாட்டி ஊசியை நான் எங்கே விடறது? இமைங்க இது. குத்துமதிப்பாக் குத்த இதென்ன சாக்கா?"

"தெரியுதுங்க."

"உங்களுக்குத் தெரியுது, உங்க அத்தைக்குத் தெரியலையே. பிடுங்கினா மூணு வாரத்துல கட்டையா, முனை மழுங்கி வருது. அந்தக் கட்டைதான் கீறுது. கருவிழி ஓரத்துல ஏற்கெனவே ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கு. அடுத்த புண்ணு நடுவுல வந்துச்சுன்னா அந்தக் கண்ணுல எழுத்துப் படிக்க முடியாது. சொல்லிட்டேன்."

அந்த மருத்துவமனையில் இந்த ஊசி வேலை மாதத்தின் முதல் வியாழக்கிழமை மட்டும்தான். அதையும் டாக்டர் சபுரா ஒருவர்தான் செய்வார். அவரும் ஏப்ரல் கடைசியில் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறார். திரும்பி வர இரண்டு வருடம்.

"மார்ச்சுல ஒரு வியாழன், ஏப்ரல்ல ஒரு வியாழன். ரெண்டுதான் மிச்சம். முடியோட வாங்க" என்று மருந்துச் சீட்டை நீட்டினார் டாக்டர்.

முடியோடு வாருங்கள். கேட்கச் சின்ன வேலைதான். மாமியார் ராசாத்தாள் இருக்கும் வீட்டில் அது எவ்வளவு பெரிய வேலை என்று இந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

கிணத்துக்கடவை அடுத்த அந்த ஊரில் ராசாத்தாளின் முள்வாங்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டு அங்குல இரும்பு. இடுப்புச் சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும். தோப்பில் யாருக்கு வேலமுள் ஏறினாலும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை நெருஞ்சியை மிதித்தாலும் நேரே ராசாத்தாளின் வாசலுக்குத்தான் வருவார்கள். காலைத் தூக்கி மடியில் வைத்து, "கம்முனு இரு கண்ணு" என்று சொல்லி முடிப்பதற்குள் முள் வெளியே வந்திருக்கும்.

மருமகளாக வந்த சாந்தாமணியின் கண்ணுக்கும் எட்டு வருடமாக அதே முள்வாங்கிதான். சின்ன வயதில் வந்த கண்நோய் ஆறியபோது கீழ் இமையின் ஓரம் உள்ளே சுருண்டுவிட்டது. அங்கே முளைக்கும் முடி விழியிலேயே உரசும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சாயங்கால வெயிலில், மாமியாரின் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும். வலிக்காது. எடுத்ததும் பத்து நாள் சொர்க்கம்.

அதனால்தான் கோபத்தை முழுசாகக் காட்டவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ராசாத்தாளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனம்மிணி, எட்டு வருசமா எடுக்கறேன். ஒருக்காவாச்சும் ரத்தம் வந்துதா?"

"ரத்தம் வரலீங்க அத்தை. வேரும் வரலீங்களே."

"அதென்ன, முடிக்குப் போயி கரண்ட்டு! தண்ணி மோட்டாரா அது?"

சாந்தாமணியின் கணவன் திருமூர்த்தி தேங்காய் லோடு ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்து மொபெட்டை நிறுத்தினான். இருவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள்.

"அம்மா சொல்றதும் சரிதான். நீ சொல்றதும் சரிதான்" என்றான்.

"ஏனுங்க, ரெண்டும் சரின்னா என்ற கண்ணு எப்பங்க சரியாகும்?"

அவன் கைகால் கழுவப் போய்விட்டான். எப்போதும் அந்த நேரத்தில்தான் அவனுக்குக் கைகால் கழுவ வேண்டியிருக்கும்.

கடைசியில் ராசாத்தாளே இறங்கி வந்தாள். "செரி, மார்ச்சு வியாழன் வரைக்கும் தொட மாட்டேன். போதுமா?"

முடி முளைத்தது. கூடவே தொந்தரவும் முளைத்தது.

சாந்தாமணி ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை பார்த்தாள். கேனில் இருந்து மாதிரி எடுத்து, அதில் லேக்டோமீட்டரை மிதக்க விட்டு, எத்தனை டிகிரி என்று படித்துச் சொல்வது அவள் வேலை. கோடுகள் மயிரிழை கனத்தில் இருக்கும். ஒரு கண்ணில் நீர் கோத்துக்கொண்டால் இருபத்தாறும் இருபத்தெட்டும் ஒன்றுதான்.

"அம்மிணி, எம்பாலைப் பாத்து அழுவாதீங்க. சத்தியமாத் தண்ணி ஊத்துலீங்க!" என்றார் வரிசையில் நின்ற வெள்ளியங்கிரி. வரிசை முழுக்கச் சிரித்தது. சாந்தாமணியும் சிரித்து வைத்தாள்.

செயலாளர் லட்சுமணசாமி சிரிக்கவில்லை. வரிசை கலைந்ததும் அருகில் வந்தார். "நேத்து ரெண்டு பேருக்கு டிகிரி மாத்திச் சொல்லிட்டீங்க. நான் சரிபண்ணிட்டேன். ஆனா எத்தனை நாளைக்குங்க? கண்ணைச் சீக்கிரம் பாருங்க. இல்லீன்னா வேற ஆளைத்தான் போடோணும்."

"இன்னும் பத்து நாளுங்க. வேலை முடிஞ்சுரும்."

பத்து நாளில் ஆறு நாள் கழிந்தது. ஏழாம் நாள், திங்கட்கிழமை, பொள்ளாச்சியில் காதுகுத்து. திருமூர்த்தியின் தங்கை மகளுக்கு. மண்டபம் நிறைய ஒறம்பரை, சொந்தக்காரக் கூட்டம். சமையல் புகையும் சாம்பிராணியும் சேர்ந்ததில் சாந்தாமணியின் வலது கண் குழாய் மாதிரி ஒழுகியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி ஒழுகியது. மறுபடி துடைத்தாள்.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் ராசாத்தாளின் சின்ன நாத்தனார் குழந்தையம்மாள்.

"ஏனுங்க அண்ணி, நல்ல காரியத்துல உங்க மருமவ எதுக்கு இப்படி அழுதுட்டு நிக்குது? ஊட்டுல ஏதாச்சும் சொன்னீங்ளா?"

மெதுவாகத்தான் கேட்டாள். மெதுவாகக் கேட்டால்தான் பத்துப் பேருக்குக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். பத்துத் தலைகள் திரும்பின.

ராசாத்தாளுக்கு முகம் சிவந்துவிட்டது. மருமகளைக் கொடுமைப்படுத்துகிறவள் என்ற பேரை மட்டும் அவளால் தாங்க முடியாது. சாந்தாமணியின் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துப்போனாள். முள்வாங்கி இடுப்பிலிருந்து ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது.

"அத்தை, வேண்டாமுங்க. மூணு நாள்தான் இருக்குது."

"கம்முனு இரு. எல்லாரும் பாக்கறாங்க."

"அத்தை..."

"என்ற மானத்தை வாங்காத அம்மிணி."

பத்துப் பேருக்கு முன்னால் மாமியாரின் கையைத் தட்டிவிட முடியுமா? சாந்தாமணி முகத்தை நிமிர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"பாருங்க, அழுவுல. கண்ணுல முடி!" என்று ஐந்தையும் விரல் நுனியில் வைத்துக் குழந்தையம்மாளிடம் காட்டினாள் ராசாத்தாள். கூட்டம் பாராட்டியது. நின்ற நிலையிலேயே எவ்வளவு நேர்த்தியாக எடுத்துவிட்டாள்!

மார்ச் மாத வியாழக்கிழமை டாக்டர் சபுரா வெளிச்சத்தைப் போட்டார். பார்த்தார். அணைத்தார்.

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க" என்றார் நர்ஸிடம்.

உக்கடம் பஸ் நிலையத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியபோது சாந்தாமணிக்கு இரண்டு கண்ணும் ஒழுகியது. இடது கண்ணில் முடியில்லை. அது நிஜமான அழுகை. இரண்டு பஸ் மாறி, அரை நாள் லீவு போட்டு, மூன்று வாரம் எரிச்சலைப் பொறுத்து, கடைசியில் ஒரு மண்டப ஜன்னலோரத்தில் எல்லாம் போய்விட்டது. ஒரே ஒரு வியாழன்தான் பாக்கி. அதற்குள் வீட்டில் எத்தனை விசேஷமோ, எத்தனை குழந்தையம்மாளோ!

முன் சீட்டில் ஓர் ஆள். ஐம்பது வயதிருக்கும். தாடி மார்பைத் தொட்டது. மீசை வாயை மூடியிருந்தது. கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, ஊருல சலூன் இல்லீங்களா?"

"பழனிக்கு விட்டிருக்கேனுங்க."

அவ்வளவுதான். கண்டக்டர் பையைச் சரிசெய்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று நகர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம்கூட விட்டார்.

சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாடியையே பார்த்தாள். வேண்டுதலுக்கு விட்ட முடி. கத்தரி படாது. கை படாது. கட்டிய பெண்டாட்டிகூட ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"அத்தை, கண்ணு முடியைப் பழனியாண்டவனுக்கு விட்டுட்டேனுங்க."

ராசாத்தாள் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"கண்ணு முடியையா?"

"அஞ்சு முடியையும்."

ராசாத்தாள் எழுந்து கையைக் கழுவினாள். ஈரக் கையோடு மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்றிலிருந்து முள்வாங்கி சாந்தாமணியின் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையம்மாள் ஒருநாள் வந்து, "இன்னும் அழுவறியா சாந்தா?" என்று ஆரம்பித்தபோது ராசாத்தாளே பாய்ந்தாள். "வாயை அளந்து பேசு. சாமிக்கு விட்ட முடி அது."

சொசைட்டியிலும் சேதி பரவியது. வெள்ளியங்கிரி கேலியை நிறுத்திவிட்டார். லட்சுமணசாமி ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வந்து லேக்டோமீட்டர் பக்கத்தில் வைத்தார். "ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் இதை வெச்சு ஓட்டுங்க."

நாலு வாரம். டாக்டர் கொடுத்த களிம்பைக் காலையும் மாலையும் போட்டாள். ராத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தாள். முடி கட்டையாக இருந்தபோது மணல் கொட்டியதுபோல் அறுத்தது. நீண்டு மெலிந்ததும் கொஞ்சம் இதமாயிற்று. கண்ணாடியில் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வரைதான் அந்த நினைப்பு.

"நாளைக்குக் காத்தால அஞ்சு மணிக்கு வேன் வருது" என்றாள் ராசாத்தாள். "எலுமிச்சஞ் சோறு கட்டிக்கலாம்."

"எங்கீங்க வேன்?"

"பழனிக்குத்தான். நீ முடி விட்டிருக்கறதைக் கேட்டுப்போட்டு மேக்கால ஊட்டுக்காரங்களும் வாராங்க. நானே மலை மேல வெச்சு அஞ்சையும் எறக்கிப் போடறேன். சவரக்காரன் கத்தி அங்க நுழையாதில்ல?" இடுப்பைத் தட்டினாள். முள்வாங்கி கிணுங்கியது. புளி போட்டுத் தேய்த்திருப்பாள்போல. பளபளவென்று இருந்தது.

சாந்தாமணி சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினாள்.

"அத்தை, நாளைக்கு வியாழக்கிழமைங்க. ஆஸ்பத்திரி."

"சாமிக்கு விட்ட முடியை ஆஸ்பத்திரியில எடுக்கறதா? நல்லாருக்குது நாயம்!"

"கடைசி வியாழனுங்க. டாக்டரம்மா வெளிநாடு போறாங்க."

"போகட்டும். ஆண்டவன் எங்கயும் போகுல."

திருமூர்த்தி வாசலில் நின்றான். "நீ சொல்றதும்..." என்று தொடங்கினான். சாந்தாமணி திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு கைகால் கழுவப் போனான்.

எட்டு வருடத்துக் கோபம் அப்போதுதான் வெடித்தது.

"நான் வேண்டவே இல்லீங்க அத்தை! பொய் சொன்னேன். உங்க கைகிட்ட இருந்து என்ற முடியைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியுல. சொல்லிப் பாத்தேன், கேக்குல. கெஞ்சிப் பாத்தேன், கேக்குல. சாமி பேரைச் சொன்னாத்தான் இந்த ஊட்டுல என்ற பேச்சு எடுபடுது. கண்ணு என்றதுங்க. நடுவுல புண்ணு வந்துச்சுன்னா நாளைக்கு டிகிரி படிக்க மாட்டேன், பஸ் போர்டு படிக்க மாட்டேன். அப்ப உங்க முள்வாங்கி வந்து படிச்சுச் சொல்லுமா?"

சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. சாமி பேரில் பொய். அதையும் மாமியாரிடம் கத்திச் சொல்லியாகிவிட்டது.

ராசாத்தாள் உள்ளே போனாள். அன்று மாலை விளக்கு வைத்ததும் படுத்துவிட்டாள். எழுப்பியும் சாப்பிட வரவில்லை.

காலையில் வேன் வரவில்லை. யார் சொல்லி நிறுத்தினார்கள் என்று சாந்தாமணி கேட்கவில்லை. தனியாகவே கிளம்பினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போனால் அங்கே ராசாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. கையில் மடித்த மஞ்சள் துணி.

"அத்தை, நேத்து நான் பேசுனது..."

"நீ பொய் சொன்னே. செரி. நீ சொன்ன அன்னைக்கே கையைக் கழுவிட்டு நானும் வேண்டிக்கிட்டேன், உன்ற கண்ணு நல்லாகோணும்னு, அந்த அஞ்சு முடியையும் கொண்டாந்து போடறேன்னு. என்ற வேண்டுதல் பொய்யில்லையில்ல? டாக்டரம்மாவே எடுக்கட்டும். எடுத்த முடி எனக்கு வேணும்."

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் வந்தார்கள்.

டாக்டர் சபுரா வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "அஞ்சும் இருக்கு! எப்படிங்க காப்பாத்துனீங்க?"

"அது பெரிய கதைங்க" என்றாள் சாந்தாமணி.

"இவங்கதான் அந்த அத்தையா?" டாக்டர் ராசாத்தாளைக் கூப்பிட்டார். "அம்மா, இந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க. கருப்புல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுதா?"

ராசாத்தாள் குனிந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். ஊரெல்லாம் முள் தேடிய கண்.

"இது எப்படீங்க வந்துச்சு?"

"முடி கட்டையா முளைச்சு முளைச்சுக் கீறுனது."

ராசாத்தாள் நிமிரவில்லை. "நான் எடுத்தது பூரா மேலோட்டமாத்தானா?" என்று கண்ணாடியிடமே கேட்டாள்.

மரத்துப்போகும் ஊசியை இமையில் போட்டதுதான் வலி. அப்புறம் முடியைவிட மெல்லிய ஊசி. வேரில் சின்ன நுரை கிளம்பும். சில நொடியில் முடி இழுக்காமலே வழுக்கி வரும். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, ராசாத்தாள் மஞ்சள் துணியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

டாக்டர் நிறுத்தினார்.

"இமை வீங்கிடுச்சு. அஞ்சாவதோட அடி தெரியல."

"கொஞ்சம் பாருங்க டாக்டர்" என்றாள் சாந்தாமணி.

"தெரியாம விடக் கூடாதுங்க. இமை வெந்து போயிடும். அது கடைசி ஓரத்து முடி, வெள்ளை விழியிலதான் படுது. பயமில்லை. நான் கிளம்புறதுக்கு முன்னாடி இருபத்தஞ்சாம் தேதி வருவேன். உங்களுக்காக மெஷினை எடுத்து வைக்கச் சொல்றேன். அதுவரைக்கும்..." டாக்டர் ராசாத்தாளைப் பார்த்தார். "யாரும் தொடக் கூடாது. நாம எடுத்ததுலயே ஒண்ணு ரெண்டு திரும்ப முளைச்சாலும் முளைக்கும். அதையும் அன்னைக்குப் பார்த்துக்கலாம்."

இன்னும் மூன்று வாரம். மறுபடி களிம்பு, மறுபடி பூதக்கண்ணாடி, மறுபடி லட்சுமணசாமியின் முகம். மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். நான்கு போய்விட்டதே! ஆனால் சாந்தாமணியின் மனசு அந்த ஒன்றிலேயே போய் மாட்டிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வலது கண்ணில் பஞ்சுக் கட்டு. மலுமிச்சம்பட்டி தாண்டியதும் ராசாத்தாள் துணியை அவிழ்த்துப் பார்த்தாள்.

"அஞ்சுன்னு வேண்டிக்கிட்டேன். நாலுதான் இருக்குது."

"தெரியுமுங்க."

"அந்த ஒண்ணு இப்பக் குத்துதா அம்மிணி?"

"மரத்துப்போனது விடுது. குத்த ஆரம்பிச்சிருச்சுங்க."

ராசாத்தாளின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாந்தாமணி அதைப் பார்த்தாள். கத்தக்கூடத் தெம்பில்லை.

"அத்தை..."

"இல்ல, இல்ல." ராசாத்தாள் சாவிக்கொத்திலிருந்து முள்வாங்கியை மட்டும் கழற்றினாள். வளையம் இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அதை மருமகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "இருவத்தஞ்சாந் தேதி வரைக்கும் நீயே வெச்சுக்க. நீ நோவுல மொணகினா என்ற கை சும்மா இருக்காது. எனக்குத் தெரியும்."

"யாருக்காவது முள்ளு ஏறிச்சுன்னா?"

"உன்கிட்ட வாங்கிட்டுப் போறேன். முள்ளை எடுத்ததும் நீயே திருப்பி வாங்கி வெச்சுக்க."

சொல்லிவிட்டு ராசாத்தாள் மஞ்சள் துணியை முடிந்து மடியில் செருகிக்கொண்டு கண்ணை மூடினாள்.

பஸ் குலுங்கியது. கட்டுக்கு உள்ளே, ஓரத்தில், அந்த ஒற்றை முடி உரசியது. மறுபடி உரசியது. ஒரு நொடி வேலை. கண்ணாடிகூட வேண்டாம், தொட்டாலே இடம் தெரியும். இரும்பு உள்ளங்கையில் சூடேறியிருந்தது.

சாந்தாமணி கைப்பையைத் திறந்தாள். முள்வாங்கியை டாக்டரின் சீட்டுக்குள் வைத்துச் சுருட்டி, பைக்கு அடியில் தள்ளி, ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக மூடும்வரை இழுத்தாள்.